முத்தாலங்குளத்தில் நீண்ட வால்

முத்தாலங்குளத்தில் ஒரு கொசுவின் விந்தணு வளர்ந்து வளர்ந்து ஊரையே சுற்றி வந்தது என்று நான் சொன்னதும் சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வரட்டும், எனக்கு ஒன்றும் அவசரமில்லை. முகம் சுளிக்கிறவர்கள் மட்டும் கொஞ்சம் தள்ளி உட்காரலாம், ஏனென்றால் அந்த ஊர்க்காரர்களும் அப்படித்தான் சுளித்தார்கள், சுளித்த முகத்தோடேயே இரண்டு மாதம் அதன்மேல் துணி காயப்போட்டார்கள். நான் அந்த ஊர்க்காரன் இல்லை, அதனால் அந்த வார்த்தையைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை.

மலையடிவாரத்து ஊர் அது, ஆனி பிறந்தால் சாரல் விழும். ஊருக்கு மேற்கே ஒரு கொசு ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அதன் பெயர்ப்பலகையைப் படித்து முடிக்க யாருக்கும் பொறுமை இல்லாததால் ‘கொசு ஆபீஸ்’ என்றார்கள். அங்கே ஆண் கொசுக்களை வளர்த்து, கூட்டுப்புழுவாக இருக்கும்போதே கதிர் பாய்ச்சி மலடாக்கி, பெட்டி பெட்டியாக வெளியே திறந்துவிடுவார்கள். மலட்டு ஆணோடு சேர்ந்த பெண் கொசு போடும் முட்டை பொரியாது, கொசு குறைந்தால் காய்ச்சலும் குறையும். ஆண் கொசு கடிக்காது, கடிப்பதெல்லாம் பெண் கொசுதான் என்று ஆபீஸ் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. ஊர் ஆண்கள் அந்த ஒரு வரியை மட்டும் சைக்கிளை நிறுத்தி இரண்டு தடவை படித்துவிட்டுப் போவார்கள்.

செண்பகவல்லிக்கு அங்கே மைக்ராஸ்கோப் வேலை. ஆண் கொசுவின் வயிற்றை ஊசியால் பிளந்து, விந்தகத்தை எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்க்க வேண்டும்: முதலில் உருண்டை உருண்டையான அணுக்கள், அவை பிரிந்து பெருகி, பிறகு ஒவ்வொன்றும் வீடு காலி பண்ணுகிறவர்களைப் போல வேண்டாத சாமானையெல்லாம் வெளியே தள்ளி, மெலிந்து, தலை கூர்ந்து, கடைசியில் வால் நீட்டி விந்தணுவாகும் வரை ஒவ்வொரு படியிலும் எத்தனை கெட்டது, எத்தனை தேறியது என்று எழுத வேண்டும். கெட்டது நிறைய இருந்தால் நிலையத்தின் தலைவர் டாக்டர் ஹபிபுல்லா மகிழ்ந்துபோய் ‘மலடு – நன்று’ என்று கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்தைப் பார்த்துவிட்டு சாயங்காலம் வீடு திரும்புகிற செண்பகவல்லியை, கல்யாணமாகிப் பதினோரு வருஷமாகியும் பிள்ளையில்லாத செண்பகவல்லியை, அதே வார்த்தையை வேறு மாதிரி சொல்லி அழைக்கத் தெருவில் நாலு பேர் இருந்தார்கள்.

அவள் பார்க்காத வைத்தியம் இல்லை. ஈரப் புடவையோடு கோயிலைச் சுற்றினாள், மண்சோறு சாப்பிட்டாள், நாலு டாக்டரின் சோதனைக் கட்டிலில் படுத்து எழுந்தாள், கர்ப்பக்குழாய்க்குள் மருந்து செலுத்திப் படமெடுக்கிற சோதனையை இரண்டு தடவை செய்துகொண்டாள். ஒவ்வொரு டாக்டரும் கடைசியில் ஒரு துண்டுச் சீட்டில் ‘கணவருக்கும் சோதனை’ என்று எழுதிக் கொடுத்தார்கள்; கணவன் தனுஷ்கோடி அதை மரியாதையாக வாங்கிச் சட்டைப் பையில் வைத்தான், சட்டை துவைக்கப் போனது. “ஆம்பளைக்கு என்னட்டி டெஸ்ட்டு? அவன் நல்லாத்தான இருக்கான், எதிர்காத்துலயும் சைக்கிள் மிதிக்கான்லா” என்று மாமியார் ராக்கம்மாள் முடித்துவைத்தாள். ஆக, முத்தாலங்குளத்தில் அதுவரை மலட்டுத்தன்மைக்காகச் சோதிக்கப்பட்ட ஆண்கள் எல்லோருக்கும் இறக்கை இருந்தது.

தனுஷ்கோடி கெட்டவன் இல்லை, வாயில்லாதவன், அவ்வளவுதான். அரசு மேல்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் வாத்தியார். வருஷா வருஷம் இனப்பெருக்கப் பாடம் வந்ததும் புத்தகத்தை மூடி, “இத நீங்களே வீட்ல படிச்சிக்கிடுங்க, அஞ்சு மார்க் கேப்பான்” என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போகிறவன். அந்த வருஷம் ஆனி மாதத்தில் ராக்கம்மாள், மேலத்தெருவில் மாரிக்கனி என்கிற பெண்ணை மகனுக்கு இரண்டாந்தாரமாகப் பேசி, ஆவணி முதல் முகூர்த்தம் என்று நாளும் பார்த்துவிட்டு வந்தாள். சட்டம் என்ன சொல்லும் என்று யாரும் கேட்கவில்லை. “செம்பகத்த யாரு போகச் சொன்னா, அவ பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கட்டும்” என்றாள். தனுஷ்கோடி பேப்பரை மடித்தான், விரித்தான், மறுபடி மடித்தான். செண்பகவல்லி அன்றைக்கு ரசத்தில் உப்புப் போடவில்லை, அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

அதற்கடுத்த வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குத்தான், அவள் தகட்டிலிருந்த ஒரு விந்தணு வால் நீட்டத் தொடங்கி, நிறுத்த மறந்தது. தகட்டின் விளிம்பைத் தாண்டியது, மேசையைத் தாண்டியது, தரையில் இறங்கியது. செண்பகவல்லி கண்ணை மைக்ராஸ்கோப்பிலிருந்து எடுத்தாள், இனி அதைப் பார்க்க மைக்ராஸ்கோப் தேவைப்படவில்லை. பதிவேட்டில் ‘வால்: இன்னும் முடியவில்லை’ என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனாள். தலை தகட்டிலேயே இருக்க, வால் மட்டும் கதவிடுக்கு வழியாக வெளியேறி, வெளியே போகிற சாமானுக்குக் கையெழுத்து வேண்டும் என்று வாட்ச்மேன் நீட்டிய நோட்டின் மேலேயே ஏறி இறங்கி, டீக்கடையைத் தாண்டி, ரேஷன் கடையில் திரும்பி, முத்தாலம்மன் கோயிலை இடமிருந்து வலமாக முறைப்படி சுற்றி, ஆடி பிறப்பதற்குள் கீழத்தெரு மேலத்தெரு எல்லாவற்றையும் கட்டிவிட்டது.

கொடிக்கயிறு அளவுக்கு அது தடித்திருந்தது, ஆள் உயரத்தில் கம்பத்துக்குக் கம்பம் தானாகத் தொங்கியது, தொட்டால் குளிக்கிற வெந்நீரின் சூடு இருந்தது. வால் என்றால் நீந்துவதற்குத்தானே, அதனால் ஓயாமல் மெல்ல நெளிந்தபடியே இருந்தது. சாரலில் நான்கு நாளாகக் காயாமல் நாறிக்கொண்டிருந்த பாவாடையை முதலில் அதன்மேல் போட்டவள் யார் என்பதில் இரண்டு வீட்டுக்கு இன்றைக்கும் தகராறு உண்டு. ஆனால் அது அரைமணி நேரத்தில் காய்ந்தது என்பதில் தகராறு இல்லை. மறுநாள் ஊர்த் துணி மொத்தமும் அதில் ஏறியது. அதன் கீழே வடகம் காயப்போட்டால், அது நெளிகிற நெளிவில் காக்கை கிட்டே வரவில்லை. பிறகு ஒருத்தி சேலைத் தொட்டிலை அதில் கட்டிப்பார்த்தாள். தொட்டில் தானே ஆடியது, பிள்ளை தூங்கியது, அந்தப் பெண் கல்யாணமான பிறகு முதல்முறையாக மத்தியானச் சோற்றை உட்கார்ந்து சாப்பிட்டாள்.

எல்லோருக்கும் அது என்னவென்று தெரியும், யாருக்கும் தெரியாது. பெண்கள் அதை ‘ஆபீஸ் கயிறு’ என்றார்கள். மின்வாரியத்து லைன்மேன் வந்து பார்த்துவிட்டு, இது எங்க இலாகா இல்லை என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். பேரூராட்சிக் கூட்டத்தில் ‘மேற்படி பொருளால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லை’ என்று தீர்மானம் போட்டார்கள். மேற்படி என்றால் மேலே ஏதாவது எழுதியிருக்க வேண்டுமே என்று பார்த்தால், மேலே தேதிதான் இருந்தது. கோயில் பூசாரி கோயில் பக்கம் வந்த பகுதிக்கு மட்டும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார், பிள்ளை வரம் கேட்கிறவர்கள் வெளியூரிலிருந்தெல்லாம் வந்து மரத்தொட்டில் கட்டினார்கள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

ஆண்களுக்குத்தான் கஷ்டம். அதன் கீழே போகும்போது குனிந்து போனார்கள், குனியத் தேவையில்லாத குள்ளர்களும் குனிந்தார்கள். டீக்கடையில் ஒருவர் மட்டும் மனசு தாங்காமல், “ஒத்தக் கொசுவுக்கு இம்புட்டா?” என்று கேட்டுவிட, “வே அண்ணாச்சி, டீயக் குடியும், ஆறிரும்” என்று பக்கத்திலிருந்தவர் அவசரமாக அடக்கினார். அதற்குப் பிறகு அந்தக் கடையில் ஒருவாரம் அரசியலைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. யாரோ அரிவாளோடு போய் வெட்டப் பார்த்ததாகவும், வால் ஒதுங்கி வழிவிட்டதாகவும், அவர் வந்த வேகத்தில் பக்கத்து வாழையை வெட்டிவிட்டதாகவும் கேள்வி.

ராக்கம்மாளும் சும்மா இருக்கவில்லை. வீட்டு வாசலுக்கு நேரே தொங்கிய இடம் பார்த்து, மஞ்சள் துணியில் ஒரு மரத்தொட்டிலைக் கட்டினாள். “மாரிக்கனி பேரச் சொல்லிக் கட்டுதேன்” என்று, அரிசி களைந்துகொண்டிருந்த மருமகள் காதில் விழும்படியே சொன்னாள். அந்தத் தொட்டில் ராப்பகலாக ஆடியது. காலையில் வேலைக்குப் போகும்போதும் சாயங்காலம் திரும்பும்போதும் செண்பகவல்லி அதன் கீழேதான் போய்வர வேண்டும். அது எந்தத் தகட்டிலிருந்து எந்த விந்தணுவிலிருந்து வளர்ந்தது என்று ஊரிலேயே நிச்சயமாகத் தெரிந்தவள் அவள். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆவணிக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருந்தது.

ஆடி நான்காம் வாரத்தில் ஒரு நாள், வால் பள்ளிக்கூடத்து ஜன்னல் வழியாகப் பத்தாம் வகுப்புக்குள் நுழைந்து, தனுஷ்கோடியின் மேசைமேல் வந்து படுத்துக்கொண்டது. தனுஷ்கோடி சாக்பீஸ் டப்பாவை எடுத்து அதன்மேல் வைத்தான். டப்பா மெல்ல நடந்து மேசை ஓரத்துக்குப் போய்க் கீழே விழுந்தது.

“சார்,” என்று முன்பெஞ்சு ஜெஸிந்தா எழுந்தாள், “இது வால்தான சார், தலை எங்க இருக்கு?”

“அது… கொசு ஆபீஸ்ல இருக்கு.”

“தலைல என்ன சார் இருக்கும்?”

இந்தப் பாடத்தை வீட்டிலே படித்துக்கொள் என்று அவன் வாயைத் திறந்தான். பாடம் மேசைமேல் நெளிந்துகொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பி, வகுப்புக்கு முதுகைக் காட்டினால் பேசுவது கொஞ்சம் சுலபமாக இருந்ததால் அப்படியே நின்று, ஒரு உருண்டையை வரைந்தான், அதைப் பிரித்தான், மெலிய வைத்தான், தலைக்குள் அப்பனுடைய பாதிச் சங்கதி இருக்கும் என்றான், வால் இல்லாவிட்டால் முட்டைக்குப் போய்ச்சேராது என்றான், போய்ச்சேர்ந்தாலும் கெட்டுப்போயிருந்தால் முட்டை பொரியாது என்றான், எதற்காக ஆபீஸில் ஆண் கொசுவை வயிறு பிளந்து பார்க்கிறார்கள் என்று, பதினோரு வருஷமாக மனைவி பார்க்கிற வேலையை, முதல்முறையாகத் தன் வாயால் விளக்கினான். யாரும் சிரிக்கவில்லை. நாற்பது பேரும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

“அப்ப முட்டை பொரியலன்னா பெண் கொசுமேல தப்பு இல்லையா சார்?”

“பாக்காம சொல்ல முடியாதும்மா. ரெண்டையும் பாக்கணும்.”

“மனுசங்களுக்கும் அப்படித்தானா சார்?”

தனுஷ்கோடி சாக்பீஸைக் கீழே வைத்தான். மணி அடித்தது, பிள்ளைகள் போனார்கள், அவன் அடுத்த வகுப்புக்குப் போக மறந்துவிட்டான்.

அன்று சாயங்காலம் செண்பகவல்லி காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அடுப்படி வாசலில் வந்து நின்று, “செம்பகம், ஒங்க ஆபீஸ்ல சின்ன பாட்டில் கெடைக்குமா?” என்றான். அவள் கத்தியை வைத்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால் ஓடிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலை அந்தப் பாட்டிலைச் சூடு போகாமல் கைக்குட்டையில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு அவள் வேகவேகமாக ஆபீஸுக்கு நடந்தாள். டாக்டர் ஹபிபுல்லா தொண்டையைச் செருமி, “நான் பாக்குறதைவிட நீங்க பாக்குறதுதாம்மா சரியா இருக்கும்” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் பார்த்தாள். ஓர் இடத்தில் பார்த்தாள், தகட்டை நகர்த்தி இன்னோர் இடத்தில் பார்த்தாள், இருபது இடம் பார்த்தாள். ஒன்றுகூட இல்லை. முதலில் அவளுக்குக் கோபம் வந்தது, பதினோரு வருஷத்துக்கும் சேர்த்து வந்தது. பிறகு அவன் அடுப்படி வாசலில் நின்ற நிலை ஞாபகம் வந்து பாவமாக இருந்தது. பிறகு, சொல்ல வெட்கமாக இருந்தாலும், நிம்மதியாக இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் இன்னொரு முறை பார்த்துவிடலாம், இதற்கும் வைத்தியம் சிலது உண்டு என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து சொன்னாள். தனுஷ்கோடி, “அம்மாட்ட நான் சொல்லுதேன்” என்றான். சொல்ல மூன்று நாள் எடுத்துக்கொண்டான். நான்காம் நாள் ராக்கம்மாள் பட்டுச்சேலை கட்டி, வெற்றிலை பாக்கு பூ பழம் எல்லாம் தட்டில் அடுக்கி, மேலத்தெருவுக்கு உறுதி பண்ணப் புறப்பட்டு வாசல்படி இறங்கிய பிறகுதான் அவனுக்கு வாய் வந்தது.

“எம்மா, போகாத. கொறை எங்கிட்டதான்.”

“யாரு சொன்னா?”

“செம்பகம் பாத்தா. மைக்ராஸ்கோப்புல.”

ராக்கம்மாள் மருமகளை மேலும் கீழும் பார்த்தாள். “இவ பாத்தாளாம்! கொசுவப் பாக்குத மிசின்ல எம்மவனப் பாத்தாளாம்! எங் கண்ணால பாக்காம நான் நம்ப மாட்டேன். பாட்டில எடு.”

ஆக, தனுஷ்கோடி இன்னொரு முறை உள்ளே போக வேண்டியதாயிற்று. அரைமணி நேரத்தில் மாமியார் தட்டோடும் மருமகள் பாட்டிலோடும் ஆபீஸுக்குப் போனார்கள். வாட்ச்மேன் தட்டைப் பார்த்துவிட்டு யாருக்கு விசேஷம் என்று கேட்க, ராக்கம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் நோட்டைக்கூட நீட்டவில்லை.

செண்பகவல்லி முதலில் கதிர் பாய்ச்சாத ஒரு கொசுவினுடையதை வைத்துக் காட்டினாள். ராக்கம்மாள் ஒரு கண்ணை மூடிக் குனிந்தாள். “எம்மாடி! என்ன இது, திருவிழாக் கூட்டமால்லா இருக்கு” என்று அவளை அறியாமல் சொன்னாள். பிறகு மகனுடையதை வைத்தாள். மாமியார் பார்த்தாள், கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள், அடுத்த கண்ணால் பார்த்தாள்.

“ஒண்ணுமே காணலியே.”

“ஆமா அத்தை.”

“தகட்ட மாத்தி வச்சிட்டியோ?”

“நீங்களே வச்சிப் பாருங்க.”

ராக்கம்மாள் தன் கையாலேயே பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, மருமகள் சொன்னபடி இன்னொரு தகட்டில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். வெளியே மழை தூறத் தொடங்கியிருந்தது. அவள் நிமிர்ந்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள், தட்டைத் தூக்கினாள், “கொசுகிட்ட கூட்டமா இருந்துச்சே, அதுக்கு இங்க என்னட்டி பேரு? எழுதுவீங்கள்ளா, அந்தப் பேரு” என்று கேட்டாள். செண்பகவல்லி சொன்னாள். மாமியார் அதை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

பிறகு இரண்டு பேரும் தூறலில் மேலத்தெருவுக்கு நடந்தார்கள். மாரிக்கனி வீட்டு வாசலில் கோலம் பெரிதாகப் போட்டிருந்தது, சொந்தக்காரர்கள் பதினைந்து பேர் நின்றார்கள், தெருவில் கயிற்றிலிருந்து துணி எடுக்க வந்த பெண்கள் வேறு நின்றார்கள். ராக்கம்மாள் வாசலுக்குள் கால் வைக்கவில்லை. தெருவிலேயே நின்று, சந்தையில் எதிர்முனைக்காரியைக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்:

“பொண்ண வேற நல்ல எடத்துல குடுங்க தாயி. எம்மவனுக்கு விந்தணு இல்ல. எங் கண்ணால பாத்துட்டு வாரேன். எம்மருமவமேல ஒரு கொறையும் இல்ல, இனிமே எவளாவது அவள ஒரு சொல்லு சொன்னா எங்கிட்ட வந்து சொல்லட்டும்.”

ஊர் அப்படியே நின்றது. ஒரு மாதத்துக்கு மேலாக அந்த வார்த்தையின் கீழேயே குனிந்து குனிந்து நடந்த ஊர், அதை நடுத்தெருவில் ஒரு கிழவி வாயால் கேட்டுவிட்டு, கையில் ஈரத்துணியோடு நின்றது. வாலுக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை, அது பாட்டுக்கு ஒரு தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தது. உள்ளே மாரிக்கனி தலைப்பூவைக் கழற்றி வைத்துவிட்டு, நல்லவேளை என்று சிரித்ததாகப் பிற்பாடு அவளே சொன்னாள். அந்த வாரத்துக்குள் கொசு ஆபீஸுக்கு ஏழு பேர் கைக்குட்டையில் எதையோ சுற்றிக்கொண்டு வந்ததும், டாக்டர் ஹபிபுல்லா வேறு வழியில்லாமல் ‘இங்கே கொசு மட்டுமே பார்க்கப்படும்’ என்று அறிவிப்பு ஒட்டியதும் தனிக்கதை.

திரும்பி வரும்போது மழை வலுத்தது. ராக்கம்மாள் தட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள், செண்பகவல்லி பின்னால் நடந்தாள். ரேஷன் கடைத் திருப்பத்தில் மாமியார் நின்றாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

“ஏட்டி, கொழாய்க்குள்ள மருந்து விட்டு ரெண்டு தடவ பாத்தாவல்லா. வலிச்சுதா?”

பதினோரு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. செண்பகவல்லியும் நின்றாள்.

“வலிச்சுது அத்தை. ரெண்டாவது தடவ தாங்க முடியாம கத்திட்டேன்.”

“தெரியும்,” என்றாள் ராக்கம்மாள். “வெளிய பெஞ்சுல நாந்தான உக்காந்திருந்தேன். எனக்குக் கேட்டுச்சு.”